பௌர்ணமிக்கு முதல்நாள் சவரம்

அண்ணை,

இன்று காலை இவருக்குச் சவரம் செய்வதற்காகக் கத்தியைச் சுடுதண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அதன் கொம்புப் பிடியிலிருந்து அந்த மணம் எழும்பியது. மழையில் நனைந்த நாயின் மணம் என்று வேறு யாராவது மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது உங்கள் மணம். சவர்க்காரத்தில் ஊறவைத்தால் போய்விடும் என்று தெரியும். போகக்கூடாது என்பதற்காகவே வெறும் தண்ணீரில் அலம்பி, துணியில் சுற்றி, என் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

நாளைக்குப் பௌர்ணமி. இவருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்ட நாளிலிருந்து, பௌர்ணமிக்கு முதல்நாள் காலையில் நான்தான் சவரம் செய்கிறேன். மற்ற நாட்களில் கவுன்சில் அனுப்புகிற பிள்ளை வந்து மின்சார மெஷினால் வழித்துவிடுவாள். "உங்கட மனிசிக்கு உங்களில எவ்வளவு அன்பு" என்று அவள் இவருக்குச் சொல்வாள். ஓம், அன்புதான்.

நீங்கள் பாரிஸிலிருந்து லண்டனில் எங்கள் மோர்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளை நினைக்கிறேன். மெலிந்து, தாடி வளர்ந்து, கையில் ஒரேயொரு பையோடு நின்றீர்கள். சோறு போட்டேன். நல்லாய்ச் சாப்பிட்டீர்கள். என் மகளை மடியில் தூக்கி வைத்து யானைக் கதை சொன்னீர்கள். பின்னேரம் ஆனதும் குசினிக்குள் வந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"பிள்ளை, தோட்டத்தில நிக்கிற ஷெட்டின்ர திறப்பு எங்க?"

"ஏன் அண்ணை?"

"என்னை அதுக்குள்ள விட்டுப் பூட்டு. விடியும் வரைக்கும் என்ன சத்தம் கேட்டாலும் திறவாத."

விசர்க்கதை என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. புல்லு வெட்டுகிற மெஷினை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்க் குந்தினீர்கள். பூட்டினேன். உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது: "பூட்டினியோ? ஒருக்கா இழுத்துப் பார்."

விடிந்து திறந்தபோது ஷெட்டின் பலகையெல்லாம் கிழிந்திருந்தது. மூலையில் உடுப்பில்லாமல், நகமெல்லாம் இரத்தமாகச் சுருண்டு கிடந்தீர்கள். போர்வையைப் போர்த்தினேன். தேத்தண்ணி கேட்டீர்கள். அதைக் குடித்துக்கொண்டேதான் காட்டுக் கதையைச் சொன்னீர்கள். ஏஜெண்ட் உங்களைப் பனிக்காட்டுக்குள்ளால் எல்லை கடத்திக் கூட்டிப் போனான். கூட வந்த குணமண்ணை பனிக்குழிக்குள் இறங்கிப்போனார். மற்றவர்கள் நிற்கவில்லை. நீங்கள் மட்டும் திரும்பிப் போய் இழுத்து எடுத்தீர்கள். அப்போதுதான் மரங்களுக்குள்ளிருந்து ஒன்று வந்து உங்கள் கெண்டைக்காலைக் கவ்வியது. குணமண்ணை பார்த்துவிட்டு ஓடிவிட்டார். ஓடினதில் பிழை சொல்ல மாட்டேன், எல்லோரும் ஓடத்தானே வந்திருந்தீர்கள். ஆனால் உங்களைக் கடித்தது என்ன என்று உலகத்தில் கண்ட ஒரே ஆள் அவர்தான்.

ஓநாய். எங்கள் ஊரில் நரி கண்டிருக்கிறோம், ஓநாய் யார் கண்டது? அந்தச் சொல்லைச் சொல்லவே நீங்கள் கூச்சப்பட்டீர்கள். "அது வருகுது பிள்ளை" என்றுதான் சொல்வீர்கள். விருந்தாளி வருகிறமாதிரி.

பிறகு அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. பௌர்ணமியன்று காலை இறைச்சிக் கடைக்குப் போவேன். "கறிக்கு வெட்டவோ அக்கா?" என்று கேட்பான் கடைக்காரன். "வெட்டாமல் தாரும் தம்பி" என்பேன். இவருக்குப் பௌர்ணமி விரதம் என்பதால் அன்றைக்கு வீட்டுக்குள் மச்சம் மாமிசம் வரக்கூடாது. வாளியில் இறைச்சியை வைத்து, பக்கத்து ஒழுங்கையால் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவருவேன். இவர் குளித்து, திருநீறு பூசி, நோர்தேர்ன் லைன் ரயிலேறி ஆர்ச்வேக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவார். பொழுதுபட நான் உங்களைப் பூட்டுவேன். இழுத்தும் பார்ப்பேன். அயலில் இருந்த வெள்ளைக்கார மனிசி, சத்தம் கேட்டால், "இந்த வருடம் நரிகள் மோசம்" என்பாள். ஓமோம், படு மோசம் என்பேன் நானும்.

நீங்கள் ஒரு மனிதரையும் தொடவில்லை. அதை யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

மழைக்காலத்தில் ஷெட் கதவின் பலகை உக்கிவிட்டது. அந்தப் பௌர்ணமியன்று அது பிளந்தது. விடிய எழும்பினால் எங்கள் குசினிக் கதவில் மேலிருந்து கீழாக நகக்கோடுகள். அதற்கு நேரே மேலேதான் எங்கள் மகளின் அறை. இவர் அந்தக் கோடுகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். பின்னாளில் லண்டன் வந்து இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த குணமண்ணையின் பெரிய நாய் தொண்டை கிழிந்து செத்துக் கிடந்தது. அவர் இரத்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் தோட்டத்துக்குள் நின்றார். வேலியேறி, வாயில் இரத்தத்தோடு, உடுப்பில்லாமல் நீங்கள் வந்து குதித்தீர்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள். அவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தந்தார். என்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். நல்ல மனிசன் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே வாட்ஸ்அப் குறூப் தொடங்கிவிட்டது. பிள்ளையளைப் பூட்டி வையுங்கோ என்று ஒருவர். பொலிசுக்குச் சொன்னால் சிரிப்பாங்கள், நாங்களே பாப்பம் என்று இன்னொருவர். கோயில் அன்னதானத்தில் நீங்கள் அள்ளிப்போட்ட சாம்பாரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் எல்லோரும். எங்கள் தெருமுனையில் கிரிக்கெட் மட்டைகளோடு கார்களில் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு மேலால் எலிப்பாசாணம் பிசைந்த இறைச்சியை எறிந்தார்கள். அதைத் தின்று வெள்ளைக்கார மனிசியின் பூனை செத்தது. அவள் அழுதுகொண்டு வந்து உங்களைத்தான் கூப்பிட்டாள், நீங்கள்தான் கிடங்கு வெட்டி அதை மண்ணுக்குள் தாட்டீர்கள். நாங்கள் எல்லோரும் ஒருகாலத்தில் துரத்தப்பட்டவர்கள். அதனால்தான் எப்படித் துரத்துவது என்று எங்களுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

"பன்சலைக்குப் போறன் பிள்ளை" என்றீர்கள் ஒருநாள். பேக்கரியில் உங்களோடு வேலைசெய்த சிங்களப் பெடியன் சொன்னானாம், வேல்ஸ் மலைக்குள் பிக்குமாரின் மடம் ஒன்று இருக்கிறது என்று. பஸ் நிற்கிற இடத்திலிருந்தும் மணிக்கணக்காய் நடக்கவேண்டுமாம்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? நாங்கள் போய்ப் பன்சலையில ஒளிக்கிறதோ?"

"அதுதான் கதை. எந்தத் தமிழன் அங்க வந்து தேடப்போறான்? அதோட, அவை நுளம்பைக்கூட அடிக்க மாட்டினம்."

இருவரும் ஒன்றை மறந்துபோனோம். ஊரில் போயா என்றால் எங்களுக்குப் பள்ளிக்கூட லீவு, இறைச்சிக் கடை பூட்டு, அவ்வளவுதான். அது என்ன நாள் என்று நாங்கள் யோசித்ததேயில்லை. போயா என்பதே பௌர்ணமிதான். மாதம் முழுக்க ஆளரவம் இல்லாமல் கிடக்கும் அந்த மலைக்கு, பௌர்ணமியன்று மட்டும் ஊர் ஊராய்ச் சனம் வரும், வெள்ளை உடுத்து, பூவும் சோற்றுப்பெட்டியுமாக. நிலவுக்குப் பயந்து ஓடின மனிதர், நிலவைப் பார்த்துத் திருவிழா வைக்கிற இடத்தில் போய் ஒளித்தீர்கள்.

முதல்முறை டெலிபோனில் அதைச் சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. "அதுகூடப் பரவாயில்லை பிள்ளை. இஞ்ச மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடே இல்லை. ஓநாயா மாறுறதை விட அதுதான் பெரிய கஷ்டம்."

பெரிய பிக்குவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னீர்களாம். வயதான சிங்களவர், மற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிக்குமார். அவர் பயப்படவில்லை. மேட்டில் இருந்த பழைய கல்லுக் கொட்டிலைக் காட்டி, வெளியே இரும்புத் தாழ்ப்பாள் போட்டுத் தந்தார். "நீ மாதத்தில் ஒருநாள் மாறுகிறாய். இங்கே இருக்கிறவர்கள் வருடக்கணக்காய் மாறப் பார்க்கிறார்கள், முடியவில்லை" என்றாராம். அவருடைய கையால் பூட்டுவார், உங்களுக்காக இழுத்தும் பார்ப்பார்.

நான் உங்களைப் பார்க்க வந்தது ஒரேயொரு தடவை, ஒரு பௌர்ணமிக்கு முதல்நாள். அந்த மடத்தில் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தலை மழிப்பு. முற்றத்து நீள வாங்கில் பிக்குமார் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், கடைசியில் நீங்கள். பெரிய பிக்கு தன் மடக்குக் கத்தியால் உங்கள் தலையை வழித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு எப்பிடியும் முளைக்கப்போகுது, இந்த மனிசன் விடுறாரில்லை" என்றீர்கள் எனக்கு. நுரையைத் துடைத்ததும் காதுக்கு மேலே அந்தத் தழும்பு தெரிந்தது, வளைந்து, அரிவாள் மாதிரி. சின்ன வயதில் என்னை முதலில் பங்கருக்குள் தள்ளிவிட்டு, நீங்கள் இறங்கப் பிந்தியதால் ஷெல் துண்டு கீறின இடம். தலைமயிருக்குள் மறைந்துபோனதை நான் மறந்தே போயிருந்தேன். தொட்டுப் பார்த்தேன். "நோகுதோ?" என்றேன். "எடி விசரி, எத்தினை வருசம்" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் ஊரிலும் கண்டதில்லை, லண்டனிலும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், எங்கே இருக்கிறார், சுகமாக இருக்கிறாரோ என்று. கட்டின மனிசன், சொன்னேன்.

வெசாக் போயா முடிந்த காலை, பெரிய பிக்குவே எனக்குப் போன் எடுத்தார். கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தபோது பழகின சிங்களம் எனக்கு. அவர் சொன்ன முதல் வசனமே விளங்கியது, இருந்தும் விளங்காததுபோலத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இவர்தான் காரோட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார், சீனி கூடப்போட்டு.

கொட்டிலுக்குள் காவித்துணி ஒன்றின்மேல் கிடத்தியிருந்தார்கள். சாம்பல் நிறம், நெஞ்சில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த இடம் காய்ந்துபோயிருந்தது. உயிரோடு இருந்தால் விடியும்போது நீங்கள் மனிதராகிவிடுவீர்கள். செத்தபிறகு ஆகவில்லை, அண்ணை. விடிந்து, வெயில் ஏறி, நான் வந்து சேர்ந்தபோதும் அப்படியேதான் கிடந்தீர்கள். இது என் அண்ணைதானா, யாரோவொருவரின் பெரிய நாயா என்று ஒருகணம் நெஞ்சு நப்பாசைப்பட்டது. பெரிய பிக்கு வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, சவர்க்காரம் நுரைத்து, மடக்குக் கத்தியை விரித்து, அந்தத் தலையை மழிக்கத் தொடங்கினார். கொத்துக் கொத்தாய் விழுந்தது. காதுக்கு மேலே வந்தபோது கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அரிவாள் மாதிரி வளைந்த தழும்பு.

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தைக் கேட்டு மற்றப் பிக்குமார் ஓடிவந்தார்கள். இவர் வரவில்லை. காருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

வாய்க்கரிசி போடவேண்டும் என்றேன். மடத்துக் குசினியிலிருந்து ஒரு பச்சையரிசிப் பையைக் கொண்டுவந்தார்கள். பையில் குணமண்ணையின் கடைப் பெயர் அச்சடித்திருந்தது. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். நேற்று முதல்முறையாகத் தமிழர் சிலர் தானம் கொண்டுவந்தார்கள், மிகவும் பக்தியானவர்கள் என்றார் பெரிய பிக்கு. சொல்லிக்கொண்டே கொட்டிலின் தாழ்ப்பாள் பக்கம் திரும்பினார்.

"கொட்டிலில் ஒரு தமிழர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். பொய் சொல்வதில்லை என்று சின்ன வயதில் எடுத்த சீலம், மகளே. பேசாமல் இருந்திருக்கலாம் என்பது எனக்கு விடிந்த பிறகுதான் நினைவு வந்தது."

அவர் பொழுதுபட வந்து உங்களைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூசைக்குப் போயிருக்கிறார். பிறகு யாரோ தாழ்ப்பாளைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். கீழே பண்ணைக்காரனிடம் போய், ஆடு கடிக்கிற நாய் ஒன்று மலையில் அலைகிறது என்று சொல்லியும் வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்குள் நுழைந்த நாயைச் சுட அவனுக்கு உரிமை இருக்கிறது, சுட்டான். அவன்மேல் குற்றமில்லை. கதவைத் திறந்தவர்கள்மேலும் இல்லை, பூட்டின கதவைத் திறப்பது எந்த நாட்டில் குற்றம்? பேசாமல் இருக்க மறந்த கிழவர்மேலும் இல்லை. அண்ணை, உங்களை ஒருவரும் கொல்லவேயில்லை.

வேறு அரிசி அங்கே இல்லை. அந்தப் பைக்குள்தான் கையை விட்டேன். உங்கள் வாயைத் திறந்து, அந்தப் பற்களுக்கு நடுவில், குணமண்ணையின் அரிசியைப் போட்டேன். எங்கள் ஆட்களைப்போல எரிக்கவேண்டும் என்று ஆசை, எந்தச் சுடலையில் ஓநாயை ஏற்பார்கள்? கொட்டிலுக்குப் பின்னால் தாட்டோம். பிக்குமார் பாளியில் ஓதினார்கள், நான் எனக்குத் தெரிந்த தேவாரத்தைப் பாடினேன். வெளிக்கிடும்போது பெரிய பிக்கு கத்தியை என் கையில் வைத்தார். அவருடைய சொத்து என்று இருந்த நாலு சாமானில் அது ஒன்று. "இனி இதால் என் தலையை மழிக்க என்னால் ஏலாது" என்றார்.

ஊருக்கு நீங்கள் இன்னும் சாகவில்லை. மரணப் பத்திரம் இல்லை, எட்டாம் நாள் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. கோயிலில் உங்கள் பெயருக்கு மோட்ச அர்ச்சனை செய்யப்போனால் ஐயர் எப்போது தவறினவர் என்று கேட்கிறார். குணமண்ணை என்னைக் கண்டால், "அண்ணையிட்ட இருந்து ஏதும் தகவல் உண்டோ தங்கச்சி?" என்று கேட்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். இல்லை என்பேன். அந்த மலைக்கு அவருக்கு வழி காட்டினது யார் என்றுதான் எனக்குக் கனகாலம் பிடிபடவில்லை. சிங்களப் பெடியனாக இருக்கும் என்று அவனை எத்தனையோ நாள் சபித்தேன். பாவம்.

இவர் பாரிசவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குணமண்ணை ஒரு பை தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். இவர் நித்திரை. கட்டில் காலடியில் நின்று, என் தோளைத் தட்டி, எனக்கு ஆறுதல் சொன்னார். "நல்ல மனிசன் தங்கச்சி, உம்மட மனிசன். அண்டைக்கு அவர் இடத்தைச் சொல்லாட்டில் எங்கட பிள்ளையளின்ர கதி என்ன?" புகழ்ந்துதான் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார். தோடம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் கத்தியைத் துணியிலிருந்து முதன்முதலாக எடுத்தேன்.

இன்று காலை இவருடைய தாடையெல்லாம் வழித்து, கழுத்தடிக்கு வந்தேன். பிடியிலிருந்து எழும்பின மணம் மூக்கில் அடித்தது. கை நின்றுவிட்டது.

"இஞ்சேரும், ஏன் கை நிக்குது?" என்றார் இவர். வாய் கோணின பிறகு பேச்சுக் குழறும், எனக்கு மட்டும் விளங்கும்.

"ஒண்டுமில்லை. கத்தியைப் பாத்தனான்."

"நல்ல கூர். எங்க வாங்கினது?"

இவ்வளவு காலத்தில் இன்றைக்குத்தான் கேட்டார்.

"வாங்கேல்லை. அண்ணை செத்துக் கிடக்கேக்க அவற்ற தலையை மழிச்ச கத்தி."

இவருடைய நல்ல கண் என் முகத்துக்கு வந்தது. "குணமண்ணை சொன்னவர்" என்றேன். "ஆஸ்பத்திரியில. நீங்கள் அப்ப நித்திரை."

தொண்டைக்குழி கத்தியின் கீழே ஒருதரம் ஏறி இறங்கியது. "பிள்ளைக்காக..." என்றார்.

"தெரியும். அசையாதேங்கோ, வெட்டிப்போடும்."

பிள்ளைக்காகத்தான் என்று எனக்கும் தெரியும் அண்ணை. அந்த நகக்கோடுகளை நானும் பார்த்தேன்தானே. அதற்காக மன்னிக்க ஏலுமா என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஏலாது. மிச்சத்தையும் வழித்து முடித்தேன். ஒரு கீறல் இல்லை. துவாயால் ஒற்றி, பவுடரும் போட்டுவிட்டேன். இவருடைய நல்ல கை கதிரைப் பிடியை இறுக்கின இறுக்கம் விடவேயில்லை.

"இனி அந்தக் கவுன்சில் பிள்ளை செய்யட்டும்" என்றார்.

"ஏன், நான் இருக்கிறன்தானே" என்றேன். "அடுத்த பௌர்ணமிக்கும் நான்தான்."

உங்களைப்போல இவரும் இனி நிலவை எண்ணுவார். கத்தியை வெறும் தண்ணீரில் அலம்பித் துணியில் சுற்றினேன். வெளியே வந்து இவருடைய அறைக் கதவைப் பூட்டினேன். ஒருக்கா இழுத்தும் பார்த்தேன்.